அடைக்கலம் தேடி வரும் நாயைத் தேற்றுவது எப்படி?

தோட்டத்து ரோட்டோரத்திலும், கோயில் மடுவத்திலும், தேயிலைச் செடிக்கு அடியிலும் ஆதரவற்ற நாய்களை நாம் அடிக்கடி காண்கிறோம். சில நாய்கள் வேறு இடங்களிலிருந்து வந்தவை. பெட்டைக் குட்டிகளை உரச்சாக்கில் கட்டி, இரவோடு இரவாகத் தோட்டத்து எல்லையில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சில நாய்கள் வாகனத்தில் அடிபட்டவை. இன்னும் சில பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் காலை இழந்தவை. எலும்பும் தோலுமாக ஒரு நாய் லயத்து வாசலில் வந்து படுத்துக்கொண்டால், "ஐயோ பாவம், அதுவும் ஒரு உசுருதானே" என்று ஒருவர் சொல்வார். "கிட்ட போகாதே, விசர் நாயா இருக்கப் போகுது" என்று மற்றவர் சொல்வார்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். இரக்கமும் வேண்டும், எச்சரிக்கையும் வேண்டும். இப்படிப்பட்ட நாயைச் சில வாரங்கள் வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல நாயாக்கி, நிரந்தரமான ஓர் இடத்தில் சேர்ப்பது எப்படி என்பதை இந்தப் பாடத்தில் படிப்போம். வீட்டில் எல்லாரும் கேட்கும்படி ஒருவர் வாசிப்பது நல்லது.

முதலில் நம்மை நாமே கேட்க வேண்டியவை

நாயைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன் நான்கு கேள்விகளை வீட்டாரோடு பேசிக்கொள்ளுங்கள்.

1. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? அம்மா மலைக்கும், அப்பா ஸ்டோருக்கும், பிள்ளைகள் பாடசாலைக்கும் போய்விட்டால் நாயை யார் பார்ப்பது?

2. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், கர்ப்பிணிகள், நீண்டகால நோயாளிகள் வீட்டில் உண்டா? இருந்தால், நோயுள்ள நாயை வேறொரு வீட்டார் பொறுப்பேற்பதே நல்லது.

3. மழையும் பனியும் படாமல் நாயைத் தனியாக வைக்க ஓர் இடம் உண்டா? ஸ்தோப்பின் ஒரு மூலை, விறகு அடுக்கும் கொட்டில், காலியாக உள்ள மாட்டுக் கொட்டிலின் ஒரு பகுதி எதுவானாலும் போதும்.

4. பக்கத்து வீட்டார் சம்மதிப்பார்களா? லயத்தில் சுவர் ஒன்று, வாசல் ஒன்று, பீலியும் ஒன்று. ஒரு வீட்டில் நாய் குரைத்தால் பத்து வீட்டுக்கும் தூக்கம் போகும்.

இவற்றுக்குப் பதில் இல்லாவிட்டால் நாயை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். அதற்காக வெட்கப்படவும் தேவையில்லை. தூரத்தில் சாப்பாடும் தண்ணீரும் வைத்து, மிருக வைத்தியருக்கு அறிவித்து, பொறுப்பெடுக்கக் கூடிய ஒருவரைத் தேடித் தருவதும் உதவிதான். பாதியில் கைவிடுவதைவிட அது மேல்.

கிட்டப் போவதற்கு முன் பாருங்கள்

விசர்நாய்க்கடி நோய் வந்தபின் மனிதரைக் காப்பாற்ற மருந்து இல்லை. ஆனால், கடிபட்டவுடன் ஊசி போட்டுக்கொண்டால் நோய் வராமல் தடுக்க முடியும். 1970களில் இலங்கையில் ஆண்டொன்றுக்கு 300 பேருக்கு மேல் இந்நோயால் இறந்த காலம் இருந்தது. நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதாலும், கடிபட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதாலும் அந்தத் தொகை பெருமளவு குறைந்தது. ஆனாலும் நோய் இன்னும் நாட்டைவிட்டுப் போகவில்லை.

ஆகவே, பத்தடி தூரத்தில் நின்று சில நிமிடங்கள் நாயைக் கவனியுங்கள். பின்வரும் குறிகள் இருந்தால் நெருங்க வேண்டாம்.

• வாய் தொங்கி, எச்சில் ஒழுகிக்கொண்டே இருத்தல்.
• குரைக்கும் சத்தம் மாறி, கரகரவென்று ஊளையிடுதல்.
• கல், மரம், மண் என்று கண்டதையும் கடித்தல்.
• காரணமில்லாமல் ஓடி ஓடிக் கடிக்க வருதல், அல்லது இருட்டு மூலையில் ஒதுங்கிக் கிடத்தல்.
• பின்னங்கால் இழுத்துத் தள்ளாடுதல், விழுங்க முடியாமல் தவித்தல்.

விழுங்க முடியாமல் தவிப்பதைப் பற்றி விசேஷமாகச் சொல்ல வேண்டும். "தொண்டையில எலும்பு சிக்கியிருச்சி போல" என்று நினைத்து நாயின் வாய்க்குள் கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விசர் பிடித்த நாயும் பார்ப்பதற்கு அப்படியே இருக்கும். எக்காரணம் கொண்டும் வெறுங்கையை நாயின் வாய்க்குள் விடக்கூடாது. இத்தகைய நாயைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக்கோ உடனே அறிவியுங்கள்.

மேற்சொன்ன குறிகள் ஒன்றும் இல்லாமல், பசியாலும் பயத்தாலும் ஒடுங்கிக் கிடக்கும் நாய் என்றால், குனிந்து பக்கவாட்டில் உட்காருங்கள். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்க வேண்டாம். சோற்றுருண்டை ஒன்றை அதன் முன்னால் போடுங்கள். தானாக வரட்டும். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோனால், அடிபட்டுப் பழகிய நாய் அதை அடி என்றே எடுத்துக்கொள்ளும்.

அடிபட்ட நாயைத் தூக்கும்போது

வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். ஆகவே ஒரு நீளத் துணியை எடுத்து, மூக்கைச் சுற்றி ஒரு முடிச்சு, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு என்று வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். வாந்தியெடுக்கும் நாய்க்கும், மூச்சு வாங்கும் நாய்க்கும் இப்படிக் கட்டக்கூடாது. தூக்கி முடிந்ததும் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். இரண்டு பேராகச் சேர்ந்து, ஒரு படங்கையோ சாக்கையோ விரித்து, அதன்மேல் நாயை மெல்ல இழுத்து வைத்துத் தூக்கினால் உடைந்த எலும்பு அசையாது.

சுருக்குக் கம்பியில் மாட்டிய நாயை இழுக்கவே கூடாது. இழுக்க இழுக்கக் கம்பி இறுகும். முதலில் கம்பி கட்டியிருக்கும் மரத்துப் பக்கமாகக் குறட்டால் வெட்டி நாயை விடுவியுங்கள். சதைக்குள் புதைந்திருக்கும் கம்பியை வீட்டில் பிடுங்க வேண்டாம். அது மிருக வைத்தியர் செய்ய வேண்டிய வேலை.

இந்தச் சுருக்குக் கம்பி விஷயத்தை நாம் அலட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அபூர்வமான ஒரு கருஞ்சிறுத்தை இதே மாதிரிச் சுருக்கில் அகப்பட்டு, வைத்தியம் செய்தும் பிழைக்கவில்லை. பன்றிக்கு என்று வைக்கும் கம்பி, சிறுத்தையையும் பிடிக்கும், நம் வீட்டு நாயையும் பிடிக்கும், கொழுந்தெடுக்கப் போகிறவரின் காலையும் பிடிக்கும். கம்பியைக் கண்டால் தோட்ட நிர்வாகத்துக்கோ வனசீவராசிகள் அதிகாரிக்கோ சொல்லுங்கள்.

முதல் பதினான்கு நாட்கள்

வந்த நாய் எங்கே இருந்தது, எந்த நாயிடம் கடிபட்டது என்பது நமக்குத் தெரியாது. விசர் நோய்க் கிருமி உடம்புக்குள் போனபின் குறி தெரிவதற்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை ஆகலாம். ஆகவே சுகமாகத் தெரியும் நாயையும் முதல் 14 நாட்களுக்கு மற்ற நாய்களிடமிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் பிரித்து வைத்திருங்கள். 14 நாள் முடிந்தாலும் தடுப்பூசி போடாத நாயை நம்பிவிடக் கூடாது.

நாயைப் பார்க்கும் வேலையை வீட்டில் வளர்ந்த ஒருவர் மட்டும் செய்யட்டும். சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்ச் சட்டி, படுக்கும் சாக்கு எல்லாம் தனியாக இருக்கட்டும். தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கையில் காயம் இருந்தால் நாயின் எச்சில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாயைக் கட்டுவதென்றால் கம்பியாலோ மெல்லிய நைலோன் கயிற்றாலோ கட்டாதீர்கள். கழுத்தை அறுத்துவிடும். அகலமான துணிப்பட்டியைக் கழுத்தில் இட்டு, இரண்டு விரல் உள்ளே போகும் அளவுக்குத் தளர்த்தி, ஆறேழு அடி நீளக் கயிற்றில் கட்டலாம். காலையும் மாலையும் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போக வேண்டும். நாள் முழுவதும் கட்டிக் கிடக்கும் நாய் கடிக்கும் நாயாக மாறும்.

மலைநாட்டுக் குளிர் நமக்கே தாங்காது. மெலிந்த நாய்க்குச் சொல்லவும் வேண்டுமா? வெறும் சீமெந்துத் தரையில் படுக்க விடாமல், பலகைமேல் காய்ந்த சாக்கு இரண்டை விரித்துக் கொடுங்கள். நனைந்த சாக்கை அன்றன்றே மாற்றுங்கள். சிறுத்தை நடமாடும் தோட்டங்களில் இரவில் நாயை வெளியே கட்டி வைக்கவே கூடாது. கட்டிய நாயால் தப்பி ஓட முடியாது.

சாப்பாடு: பசிக்கு ஏற்ற அளவல்ல, உடம்புக்கு ஏற்ற அளவு

"பட்டினி கிடந்த நாயாச்சே, வயிறு நெறய போடுவோம்" என்று நினைப்பது இயற்கை. ஆனால் பலநாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகச் சாப்பாடு கொடுத்தால் அதுவே ஆபத்தாகும். வாந்தி, கழிச்சல் வரும். மிகவும் மோசமாக மெலிந்த நாய் இறந்தும் போகலாம்.

முதல் மூன்று நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு நான்கு ஐந்து தடவை கொடுங்கள். குழைய வேகவைத்த சோறு, அதில் அவித்த முட்டையோ முள் எடுத்த மீனோ, எலும்பில்லாத கோழி இறைச்சியோ சிறிது கலந்தால் போதும். உப்பு, மிளகாய்த்தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை, பகல் சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு தடவை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் ஒரு தடவை, படுக்கப் போகுமுன் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் வேலைக்குப் போகிறவர்களுக்கும் சமாளிக்கலாம். நாலாம் நாளிலிருந்து அளவைக் கூட்டி, இரண்டு வாரத்தில் நாளொன்றுக்கு இரண்டு நேரச் சாப்பாட்டுக்குக் கொண்டுவரலாம்.

அதன் பிறகு வீட்டில் சமைப்பதையே மசாலை போடுமுன் ஒதுக்கிக் கொடுக்கலாம். சோறு, பருப்பு, பூசணி, கரட், நன்றாகக் கழுவி உப்புப் போக்கி அவித்த கருவாட்டுத் தலை எல்லாம் நல்லதே. சுத்தமான தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும்.

கொடுக்கக் கூடாதவை: வெங்காயம், உள்ளிப்பூடு, சொக்லட், முந்திரிகை வற்றல், தேத்தண்ணி, கோப்பி, சாராயம், வேகவைத்த கோழி எலும்பு. வெந்த எலும்பு ஊசி மாதிரி உடைந்து குடலைக் குத்தும். பால்மா பல நாய்களுக்குக் கழிச்சலை உண்டாக்கும்.

நீர் வற்றிப்போயிருக்கிறதா என்று பார்க்க, தோளுக்கு மேலுள்ள தோலை மெல்லத் தூக்கி விடுங்கள். உடனே பழைய இடத்துக்குப் போனால் நல்லது. கூடாரம் போல் நின்றுகொண்டிருந்தால் உடம்பில் நீரில்லை. ஈற்றையும் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்துப் போயிருந்தால் இரத்தம் குறைவு. உண்ணிக் காய்ச்சலாகவோ கொக்கிப் புழுவாகவோ இருக்கலாம். வாந்தியும் இரத்தம் கலந்த கழிச்சலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். குட்டிகளுக்கு இது பெரும்பாலும் பார்வோ என்ற தொற்று நோயாக இருக்கும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்காக இருக்கும். நாய் கிடந்த இடத்தைக் குளோரின் கலந்த நீரால் கழுவுங்கள்.

சொறி, உண்ணி, புண்

தெருநாயின் பெரிய எதிரி சொறி. மயிர் கொட்டி, தோல் தடித்து, நாற்றம் வீசும். கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகளே இதற்குக் காரணம். சொறியில் ஒருவகை மனிதருக்கும் தொற்றி அரிப்பை உண்டாக்கும். பயப்படத் தேவையில்லை. மிருக வைத்தியர் தரும் மருந்தைச் சொன்ன நாள் வரை கொடுத்தால் சில வாரங்களில் புதுமயிர் முளைக்கும். "இது அந்த நாயா?" என்று லயமே கேட்கும்.

நம்மவர்கள் சிலர் சொறிக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசுகிறார்கள். மலைக்கு அடிக்கும் மருந்தைக் கரைத்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் நஞ்சு. தோல் வழியாகவும், நக்குவதாலும் உடம்புக்குள் போய் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சொறி போவதற்கு முன் நாயே போய்விடும்.

உண்ணியைக் கையால் நசுக்க வேண்டாம். சிறு குறடால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சவர்க்கார நீரில் போடுங்கள். அட்டை ஏறியிருந்தால் பிய்க்காமல் சிறிது உப்பு வைத்தால் விழுந்துவிடும்.

புண்ணைக் கழுவ, கொதிக்க வைத்து ஆறிய ஒரு லீற்றர் நீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துப் பாவியுங்கள். புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெயும் பினைலும் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். புழு சாகும், கூடவே சதையும் வெந்துபோகும். மனிதருக்குரிய வலி மாத்திரைகளையும் கொடுக்கக் கூடாது. நமக்கு ஒன்றும் செய்யாத மாத்திரை நாயின் ஈரலையோ வயிற்றையோ புண்ணாக்கிவிடும்.

மிருக வைத்தியரிடம் போகும்போது

"மாட்டு டாக்டரு நாயையும் பார்ப்பாரா?" என்று கேட்பார்கள். பார்ப்பார். அரசாங்க மிருக வைத்திய அலுவலகம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும் உரியதல்ல. அவரிடம் கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று, விசர் தடுப்பூசி. நாயின் வயதைக் கணித்து எப்போது போட வேண்டும் என்று அவர் சொல்வார். பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயம் தோட்டங்களுக்கு வந்து இலவசமாக ஊசி போடும் நாட்களும் உண்டு. அந்த நாளைக் கேட்டறிந்து கோயிலிலும் டிஸ்பென்சரியிலும் எழுதிப் போடுங்கள். ஊசி போட்ட அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு, பூச்சி மருந்து. நாயின் குடலில் உள்ள வட்டப் புழுவின் முட்டைகள் மலத்தோடு மண்ணில் கலந்து, மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் வாய்க்குப் போகும். கொக்கிப் புழு வெறுங்காலின் தோலைத் துளைக்கும். ஆகவே நாய்க்கு மருந்து கொடுப்பது பிள்ளைக்கும் மருந்து கொடுத்த மாதிரி. நாயின் மலத்தை அன்றன்றே மண்வெட்டியால் எடுத்து, பீலிக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் தூரத்தில் புதையுங்கள்.

மூன்று, சொறி, உண்ணி, புண் ஆகியவற்றுக்கான மருந்து.

நான்கு, கருத்தடை. பெட்டை நாய் ஆறு மாதம் முதல் ஒரு வயதுக்குள் பருவமடையும். சுமார் 63 நாளில் குட்டி போடும். ஆண்டுக்கு இரண்டு தடவை ஈனலாம். ஒரு தடவைக்கு ஐந்து குட்டி என்று வைத்தாலும் ஆண்டுக்குப் பத்து. அதில் எத்தனைக்கு வீடு கிடைக்கும்? மிச்சம் எங்கே போகும்? சாக்கில் கட்டி இன்னொரு தோட்டத்து எல்லைக்குத்தான். நாயின் உடம்பு தேறியவுடன் கருத்தடை செய்வதே இந்தத் துன்பத்துக்கு முடிவு.

மிருக வைத்தியர், "இனி இதைக் காப்பாற்ற முடியாது, வேதனைப்படாமல் போக விடுவோம்" என்று சொல்லும் நிலையும் வரலாம். முள்ளந்தண்டு உடைந்த நாய்க்கும், உறுப்புகள் செயலிழந்த நாய்க்கும் அதுவே கடைசி உதவி. நாம் செய்தது வீண் என்று எண்ண வேண்டாம். ரோட்டோரத்தில் தனியாகக் கிடந்து சாகாமல், கடைசி இரண்டு நாள் சூடான சாக்கில் படுத்திருந்ததும் அதற்குப் பெரிது.

பயத்தைப் போக்குவது

உடம்புப் புண் ஆறினாலும் மனப்புண் ஆறக் காலம் எடுக்கும். பொதுவாக முதல் மூன்று நாள் நாய் திகைத்துப்போய் இருக்கும். மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்களைப் பழகிக்கொள்ளும். இது என் வீடு என்று நம்புவதற்கு மூன்று மாதம் ஆகலாம். சில நாய்களுக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகலாம்.

நாய்க்கு வாய்ப்பேச்சு இல்லை. உடம்பால் பேசும். வாலைக் காலிடுக்கில் ஒடுக்கினால், காதைப் பின்னுக்கு மடித்தால், உதட்டை அடிக்கடி நக்கினால், தூக்கம் வராமலே கொட்டாவி விட்டால், கண்ணின் வெள்ளை தெரியும்படி ஒருக்களித்துப் பார்த்தால், "எனக்குப் பயமா இருக்கு, தள்ளிப் போ" என்று அர்த்தம். அசையாமல் விறைத்து நின்றால் இன்னும் கவனம். உறுமினால் அது கடைசி எச்சரிக்கை. உறுமியதற்காக அடிக்காதீர்கள். அடித்தால் உறுமுவதை விட்டுவிட்டு, அடுத்த தடவை சொல்லாமலே கடிக்கும்.

எதையும் ஒரே நேரத்தில், ஒரே ஆள், ஒரே சொல்லில் செய்யுங்கள். கூப்பிட ஒரே பெயர். வந்தால் ஒரு வாய் சோறு. உட்கார்ந்தால் ஒரு வாய் சோறு. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். தடியைக் கண்டு நடுங்கும் நாய்க்கு, தடியைத் தூரத்தில் தரையில் வைத்து, அதன் பக்கத்தில் சோற்றைப் போட்டு, நாளுக்கு நாள் தூரத்தைக் குறைத்துப் பழக்கலாம். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் பட்டாசு வெடிக்கும் நாளில் முன்கூட்டியே உள்ளே கட்டி வைத்து யாராவது பக்கத்தில் இருங்கள். பட்டாசு நாளில்தான் நாய்கள் அதிகம் தொலைகின்றன.

மலைக்கு மருந்தடிக்கும் நாட்களில் நாயை வெளியே விட வேண்டாம். பாதத்தில் பட்ட மருந்தை அது நக்கிவிடும்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்

• சாப்பிடும் நாயையும், தூங்கும் நாயையும், குட்டி போட்ட நாயையும் தொடக்கூடாது.
• நாயின் முகத்தில் முகம் வைக்கக் கூடாது. வாலையும் காதையும் இழுக்கக் கூடாது.
• அறியாத நாய் கிட்ட வந்தால் ஓடக்கூடாது. கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். விழுந்துவிட்டால் சுருண்டு, கையால் கழுத்தையும் காதையும் மூடிக்கொள்ள வேண்டும்.
• நாய் கடித்தாலோ நகத்தால் கீறினாலோ வீட்டில் மறைக்கக் கூடாது.

இந்தக் கடைசி விஷயத்தைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். "சொன்னா அம்மா அடிப்பாங்க" என்று பயந்து கடியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பயம் ஓர் உயிரையே கொண்டுபோய்விடும். "கடிச்சா வந்து சொல்லு, அடிக்க மாட்டோம்" என்று இன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

கடித்துவிட்டால்

நாம் வளர்க்கும் நாயானாலும், குட்டியானாலும், சிறு கீறலானாலும் இதையே செய்யுங்கள்.

முதலாவது, பீலித் தண்ணீர் ஓட ஓட, சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், கோப்பித்தூள், மிளகாய் எதுவும் வைக்க வேண்டாம். பார்வை பார்ப்பதற்கு என்று நேரத்தைப் போக்க வேண்டாம்.

இரண்டாவது, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் அந்த ஊசி இல்லாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒருநாள் பேர் போகுமே என்று தள்ளிப்போடாதீர்கள். வயிற்றைச் சுற்றி ஊசி போட்ட பழைய காலம் போய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். சொன்ன திகதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்க வேண்டும்.

மூன்றாவது, நாயை அடித்துக் கொல்லாதீர்கள். கட்டி வைத்து 14 நாள் கவனியுங்கள். நாய் நோயோடு இருந்ததா இல்லையா என்பதைக் கவனித்து அறிய அது உயிரோடு இருக்க வேண்டும். கடித்த நாய் இறந்துவிட்டால் உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். நாயின் தலையைப் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கலாம்.

அயலவரும் நாமும்

தோட்டத்தில் நாய்கள் கூடிவிட்டால், இறைச்சியில் நஞ்சு கலந்து வைக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நஞ்சுக்கு நல்ல நாய், விசர் நாய் என்று பேதம் தெரியாது. பிள்ளை எடுத்தாலும் நஞ்சுதான், மாடு நக்கினாலும் நஞ்சுதான். கொன்று தீர்க்கும் வழியால் நோய் ஒழியவில்லை என்பதால்தான், 2006ஆம் ஆண்டில் அரசாங்கமும் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் முறையைக் கைவிட்டு, தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் மாறியது. ஒரு நாயைக் கொன்றால் அந்த இடத்துக்கு ஊசி போடாத இன்னொரு நாய் வரும். பத்து நாய் இருக்கும் இடத்தில் ஏழு நாய்க்கு ஊசி போட்டிருந்தால் விசர் நோய் பரவ வழியில்லாமல் போகும். ஊசி போட்ட நாய் அந்த லயத்துக்கே காவல்.

இதை அயலவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். நாய் வந்த அன்றே நாலு வீட்டுக்கும் போய், "அக்கா, இத கொஞ்ச நாளைக்கி வச்சிருக்கோம். கட்டித்தான் வச்சிருக்கோம். ஊசி போடப் போறோம். கோழி கீழி புடிச்சிச்சின்னா எங்ககிட்ட சொல்லுங்க" என்று சொன்னால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

யாரிடம் ஒப்படைப்பது?

தேற்றுகிறவர் தாய்வீடு மாதிரி. வளர்த்து, நல்ல இடம் பார்த்து அனுப்ப வேண்டும். கேட்ட முதல் ஆளிடம் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். முன்பு நாய் வளர்த்தார்களா, அது என்ன ஆனது, இரவில் எங்கே படுக்கும், வேலை மாறிப் போனால் நாயை என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். காவலுக்கு என்று சங்கிலியில் கட்டியே வைக்கப் போகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். ஊசி அட்டையைக் கையில் கொடுங்கள். என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், என்ன பெயருக்கு வரும் என்பதைச் சொல்லி, படுத்த சாக்கையும் கூடவே அனுப்புங்கள். அந்த வாசனை புது இடத்தில் அதற்கு ஆறுதல். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். சரிவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

நாய் போனபின் வீட்டில் பிள்ளைகள் அழுவார்கள். அழட்டும். ஓர் உயிரைக் காப்பாற்றி வழியனுப்பியதற்கு வரும் அழுகை அது. அடுத்த நாய்க்கு அந்த மூலையில் இப்போது இடம் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கலந்து பேசுவதற்குச் சில கேள்விகள்

1. நமது லயத்தில் எத்தனை நாய்கள் உள்ளன? அதில் எத்தனைக்கு இவ்வாண்டு ஊசி போட்டாயிற்று?

2. நமது தோட்டத்துக்குக் கிட்டிய மிருக வைத்திய அலுவலகம் எங்கே? எந்த நாட்களில் திறந்திருக்கும்?

3. ஒரு பிள்ளையை நாய் கடித்தால், வாகனத்துக்கு யாரைக் கூப்பிடுவது? பக்கத்தில் ஊசி உள்ள ஆஸ்பத்திரி எது?

4. சொறி நாய்க்கு எஞ்சின் ஒயில் பூசுகிறவரிடம் நாம் என்ன சொல்லலாம்?

5. பெட்டைக் குட்டிகளை எல்லையில் கொண்டுவந்து விடுவதைத் தடுக்க, மாதர் சங்கமும் இளைஞர் மன்றமும் சேர்ந்து என்ன செய்யலாம்?

இக்கேள்விகளுக்குரிய பதில்களை ஒரு தாளில் எழுதி, எல்லாருக்கும் தெரியும்படி பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்.